ஆச்சி திறந்துவைத்த பங்களா

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இரண்டையும் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட குடும்பங்கள் ஏராளம். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான சொத்து என்பதால், ஒருவர் முரண்டு பிடித்தாலும் மராமத்து நின்றுபோகும்.

காரைக்குடியின் ‘தி பங்களா’ அப்படிப்பட்ட பூர்வீக வீடு அல்ல. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்தாருக்குச் சொந்தமான, 1910களைச் சேர்ந்த இந்தக் கட்டடம் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கூடிப் பேசும் கிளப்பாகவும் வெளியூர் விருந்தினர் தங்கும் இடமாகவும் இருந்தது. வந்தவரை உபசரிப்பது இதற்குப் புதிதல்ல.

நடுவில் காலம் மாறியது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கே வட்டிக்கடை நடத்திய நகரத்தார் உயிர் பிழைத்து ஊர் திரும்பினால் போதும் என்று கிளம்பினார்கள். போட்ட முதலில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. பிறகு, பூர்வீக வீடுகளில் பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும் நிலைகளும் ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் அவற்றை விலைக்கு வாங்கலாம். நெஞ்சு பொறுக்காத வியாபாரம் அது.

1999இல் மீனாட்சி மெய்யப்பன் பங்களாவை விருந்தினர் விடுதியாகத் திறந்தார். ஊருக்கே அவர் ஆச்சி. அறைகளைவிட அடுப்படிதான் விடுதிக்குப் பெயர் வாங்கித் தந்தது. வாழையிலை போட்டு வரிசை மாறாமல் பரிமாறும் சாப்பாட்டுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எஸ். முத்தையா, விசாலாட்சி ராமசாமி ஆகியோருடன் சேர்ந்து நகரத்தார் மரபு பற்றி ஒரு பெரிய நூலையும் அவர் எழுதினார்.

வேறு வீடுகளும் திறந்தன. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் தம் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’ இன்று விடுதி. கோத்தமங்கலத்தின் ‘சாரதா விலாஸ்’ பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவரின் கையில் உயிர்பெற்றது.

இவ்வீடுகளில் தரை உடைந்தால் மாற்றுக்கல் பக்கத்திலேயே கிடைக்கும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமென்ட் கரைசலைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே சிமென்ட்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். இறுகியதும் கண்ணாடி தானே கழன்றுகொள்ளும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளையும் வேண்டாம், பாலீஷும் வேண்டாம்.

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால், தனியார் வீட்டுத் தூணைப் பெயர்த்து விற்பதை அந்தப் பட்டியலால் தடுக்க முடியாது. அதற்குப் பங்காளிகள் எல்லோரும் ஒரே பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து பேசியாக வேண்டும்.