நீல்சன்: ஓடிக்கொண்டிருந்த பெயர் நின்ற கதை

டென்மார்க்கின் பெரும் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன், 1865-இல் ஃபியூன் தீவின் கிராமமொன்றில் பிறந்தார். வீடுகளுக்கு வண்ணம் பூசியும் விழாக்களில் வயலின் வாசித்தும் பிழைத்த அவருடைய அப்பாவின் பெயர் நீல்ஸ் யோர்கன்சன். அப்பா யோர்கன்சன், பிள்ளை நீல்சன். அந்நாட்டுக் கிராமங்களில் இது இயல்பு. நீல்ஸின் மகன் நீல்சன், மகள் நீல்ஸ்டாட்டர். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பனின் பெயர்.

நீல்ஸ் என்பது புனித நிக்கோலஸின் பெயர் டேனிஷ் நாவில் சுருங்கிய வடிவம். மாலுமிகளைக் காப்பவர் என்று நம்பப்பட்ட புனிதர். கடல் சூழ்ந்த நாட்டில் ஊருக்கு ஊர் நீல்ஸ்கள் நிறைந்திருந்ததில் வியப்பில்லை.

தலைமுறைதோறும் மாறும் பெயரை வைத்துக்கொண்டு பதிவேடு எழுதுவது அரசுக்குப் பெரும்பாடு. பிரபுக்களுக்கு 1526-லேயே நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. குடியானவர்களின் முறை 1828-இல் வந்தது: ஞானஸ்நானத்தின்போதே குழந்தைக்குக் குடும்பப் பெயரும் சூட்ட வேண்டும் என்றது ஆணை. ஆளுக்கொரு விதமாய் அதைப் புரிந்துகொண்டார்கள். 1856-இல் மறுபடி கண்டிப்பு. அதற்கும் ஒன்பதாண்டு கழித்துப் பிறந்த கார்லுக்கு அப்பாவின் பெயரே வாய்த்தது என்றால், வழக்கம் எவ்வளவு பிடிவாதமாக நின்றிருக்கிறது!

கடைசியில் ஏதோ ஒரு தலைமுறையில் அப்பாவின் பெயர் அப்படியே குடும்பப் பெயராக உறைந்து நின்றது. இந்த மாற்றத்தில் என்னை உறுத்துவது மகள்களின் நிலை. மௌனப்பட நட்சத்திரம் ஆஸ்டா நீல்சன் 1881-இல் பிறந்தவர், அப்பா யென்ஸ். பழைய முறைப்படி யென்ஸ்டாட்டர் ஆகியிருக்க வேண்டியவர், என்றோ வாழ்ந்த ஒரு நீல்ஸுக்கு 'மகன்' ஆகிவிட்டார். பதிவேடு ஒழுங்கானது, பெண்பிள்ளை என்ற அடையாளம் பெயரிலிருந்து உதிர்ந்தது. 2006-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அப்பா அல்லது அம்மாவின் பெயரோடு 'டாட்டர்' சேர்க்க மறுபடி வழிவிட்டது.

ஒரே பெயரில் கூட்டம் சேர்ந்தது இன்னொரு விளைவு. வேறு பெயருக்கு மாறுவதை 1904-இன் சட்டம் எளிதாக்கியும் நெரிசல் தீரவில்லை. 1993 முதல் அடுத்தடுத்து மூன்று பிரதமர்கள் ராஸ்முசன், ஒருவருக்கொருவர் உறவில்லை. நூரப், ஃபோ, லுக்க என்று நடுப்பெயரால்தான் மக்கள் அவர்களைப் பிரித்தறிந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு நீல்சனும் அயோவா, மினசோட்டா பண்ணைகளுக்கும், மார்மன் சபையில் சேர்ந்தவர்களோடு யூட்டாவுக்கும் போனது. அங்கே பலர் நெல்சன் ஆனார்கள். கனடாவிலோ, டென்மார்க்கில் பிறந்து அங்கே காவல்துறையில் பணியாற்றிய ஒருவர் பெயரை எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டார். ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் லெஸ்லி நீல்சன் அவருடைய மகன்.