மலையகத்தில் தொழில்நூல்: துண்டு முதல் இணையம் வரை

ஒரு தொழிலைப் பற்றிய நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது, அத்தொழிலின் உற்பத்தி உறவுகளை அறிய உதவும் நல்ல சான்றாகும். கணினித் தொழிலில் ஈடுபட்டோர் தம் தொழிலறிவைத் தாமே எழுதித் தமக்குள்ளேயே இணையத்தில் வெளியிட்டுக் கொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அங்கு எழுதுபவரும் படிப்பவரும் ஒரே தொழிலைச் செய்பவர்கள். ஆயின் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தொழில் பற்றிய எழுத்து எவ்வாறு தோன்றியது, யாருக்காக அச்சேறியது என்று வினவுவோமாயின், முற்றிலும் வேறான ஒரு வரலாறு நம்முன் விரிகிறது.

மலையகத்தின் ஆரம்பகால அச்சு நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' (1869) ஒரு தொழில்நூலே என்பது நோக்கற்பாலது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி வடிவிற் கூறும் அந்நூல், மக்கள் வடிவத்தைக் கைக்கொண்டு தோட்ட நிருவாகத்தின் பார்வையை உரைப்பது. வடிவம் மக்களுடையதாயிருப்பதனாலேயே உள்ளடக்கமும் மக்களுடையதாகிவிடும் என்று நம்மவர் சிலர் இன்றும் கருதுகின்றனர். அவர்கள் இந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய காலத்தில், கொழும்பில் ஃபெர்கூசன் குடும்பத்தார் 1881இல் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ற்' என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கினர். 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தன் ஏட்டை ஆங்கிலத்திலேயே வெளியிட்டது. இவை தோட்ட உரிமையாளருக்கும் துரைமாருக்குமான தொழில் எழுத்துகள். கவ்வாத்து வெட்டியவரும், முள்ளுக் குத்தியவரும், கொழுந்து பறித்தவரும் இவற்றில் ஆய்வுப் பொருளாகவோ செலவுக் கணக்காகவோ இடம்பெற்றனரேயன்றி, வாசகராக இடம்பெறவில்லை.

இவ்வகை எழுத்தின் உச்சமாக, துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் கைந்நூல்களைக் கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ஒன்றின் பெயர் 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய மற்றொன்று 'கூலித் தமிழ்' என்றே பெயர் பெற்றது. ஒரு மொழியின் பரந்த இலக்கணம் முழுவதும் இங்கு முன்னிலை ஒருமை ஏவலுக்குள் ஒடுங்கிவிடுகிறது. வா, போ, எடு, வெட்டு என்பவற்றை அறிந்தாற் போதும். மறுமொழியைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை குறைவு. தமிழை இத்துணைச் சிக்கனமாகக் கற்பித்த நூல்கள் வேறெங்கும் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

தொழிலாளியின் கைக்கு எட்டிய எழுத்து எது? அது 'துண்டு' ஆகும். ஒரு கங்காணியின் ஆட்கள் பட்டிருந்த கடனைக் குறித்து, அதைத் தீர்த்தாலன்றி அவர்கள் விடுவிக்கப்படார் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. தான் படிக்க இயலாத ஒரு காகிதத்தினால் மனிதன் ஒரு தோட்டத்தோடு பிணைக்கப்பட்டான். அதே காகிதத்தினால் இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றப்பட்டான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் செக்றோலும், அதில் விழும் அரைப்பேரும், கொழுந்து நிறுவையின் கழிவும் தொடர்ந்தன. எழுத்தறிவு என்பது தோட்டத்தில் பண்பாட்டு அணிகலன் அன்று. நாட்கூலி முழுதாக எழுதப்பட்டதா என்று பார்க்கும் கண்.

இச்சூழலிலேதான் கோ. நடேசய்யரின் வெளியீட்டுப் பணியை மதிப்பிட வேண்டும். அவரைத் தொழிற்சங்கவாதியாகவும் பத்திரிகையாளராகவும் அறிந்த நாம், அவர் முதலில் ஒரு தொழில்நூல் வெளியீட்டாளர் என்பதை மறந்துவிடுகிறோம். தஞ்சாவூரில் 'வர்த்தக மித்திரன்' நடத்தியவர் அவர். கணக்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், ஆயில் எஞ்சின் என்பன அவர் எழுதிய நூல்களின் பொருள்கள். 1919இல் அவர் கொழும்புக்கு வந்தது வர்த்தகரின் அழைப்பின் பேரில். வணிகனுக்குக் கணக்கெழுதக் கற்பித்த அந்தக் கை, 'தேசநேசன்' (1921), 'தேசபக்தன்' (1924) ஆகிய ஏடுகளின் வழியே தொழிலாளியின் கணக்கைப் பார்க்கத் திரும்பியது. அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரி போல் வேடமிட்டுச் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. வியாபாரி வேடம் அவருக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி வரையறுக்கப்பட்டது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. சதம் தொழிலாளியின் மடியில் விழவேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பவே 'தொழிலாளர் சட்டப் புத்தகம்', இந்திய இலங்கை ஒப்பந்தம் பற்றிய நூல் போன்றவை தேவைப்பட்டன. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த ஆண்டிலேயே அவர் 'நீ மயங்குவதேன்?' என்னும் நூலையும் வெளியிட்டார். இத்தலைப்பை 'இங்கே வா' என்பதோடு ஒப்பிடுவோம். இரண்டும் அதே தொழிலாளியை அதே முன்னிலை ஒருமையில் விளிக்கின்றன. ஒன்று ஏவுகிறது, மற்றது வினவுகிறது. வினவப்படுபவன் விடைசொல்லும் தகுதியுடையவனாகிறான். இலக்கண மாற்றம் போலத் தோன்றும் இது ஓர் உறவின் மாற்றமுமாகும்.

படிக்கத் தெரியாதோருக்கு நூலால் என்ன பயன் என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு மீனாட்சி அம்மையார் செயலால் விடை தந்தார். மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். அவர் பாடல்கள் 1940இல் சிறு பிரசுரமாகவும் வந்தன. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் லயத்தில், பாட்டுப் பிரசுரம் சட்டப் புத்தகத்தைவிட விரைந்து நடந்தது.

நடேசய்யரை நாம் வழிபட வேண்டியதில்லை. வர்க்க நிலைப்பாட்டில் அவர் தடுமாறியதுண்டு. ஏ. ஈ. குணசிங்கவுடனான கூட்டு 1928இல் முறிந்ததில் இனவுணர்வுக்கும் பங்கிருந்தது. ஆயினும் 1947இல் அவர் மறைந்தபோது ஏற்பட்ட வெற்றிடம் பெரிது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். 1977, 1983 வன்செயல்களில் வீடும் தாளும் எரிந்தன. மலையகத்தின் எழுத்து மலைக்கு வெளியே அச்சேறுவது வழக்கமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் சென்னையில் வெளிவந்ததும், 1997இல் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் கொழும்பிலிருந்து மலையகச் சிறுகதைத் தொகுதிகளை வெளியிட்டதும் இதற்குச் சான்றுகள்.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை இந்தத் தொடர்ச்சியிலேயே வைத்து நோக்குகிறோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் போன்று தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தது அது. மதுரைத் திட்டம் தொல்லிலக்கியத்துக்கு முதன்மை கொடுத்துத் தட்டெழுதியது. நூலகமோ ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடிப் படிமங்களாக்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் நினைவு அம்முயற்சியின் பின்னணியில் உண்டு. அதன் தளம் இயங்கும் மீடியாவிக்கி, கணினித் தொழில் செய்வோர் தமக்குள் இலவசமாகப் பகிர்ந்துகொண்ட மென்பொருள் என்பதை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். ஒரு தொழிலாளர் கூட்டம் தனக்கென ஆக்கிய கருவி, இன்னொரு தொழிலாளர் சமூகத்தின் தாள்களைக் காக்கப் பயன்பட்டது. 'குன்றின் குரல்', 'தீர்த்தக்கரை', 'கொழுந்து' ஆகிய மலையகச் சஞ்சிகைகளை இன்று கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. ஓர் இதழுக்காகக் கண்டியிலும் கொழும்பிலும் வீடுவீடாக அலைந்த ஆய்வாளருக்கு இதன் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனினும் படிமமாக்கிய பக்கம் ஆய்வாளருக்கு எளிது. சிறு கைப்பேசித் திரையில் அதைப் பெரிதாக்கிப் படிக்க முயலும் லயத்து இளைஞருக்கு அத்துணை எளிதன்று. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. காப்பகம் ஏற்கெனவே எழுதப்பட்டதையே காக்கும். மட்டக்கம்பு பிடித்து மரத்தின் மட்டம் காப்பதையும், எந்தக் கொழுந்தை விட்டு எதைக் கிள்ளுவது என்பதையும், கவ்வாத்துக் கத்தியின் சாய்வையும் அறிந்த பெண்களும் ஆண்களும் அவ்வறிவைத் தம் சொல்லில் எழுதிய தொழில்நூல் ஒன்று நம் பார்வைக்கு இன்னும் வரவில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அதனுடன் நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற வினாவே தோட்டந்தோறும் எழுந்தது. அந்தக் கிலோவின் கணக்கை எழுதும் பென்சில் இன்றும் நிறுவைக்களத்தில் கணக்கப்பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.