கண்டிக்கோட்டைக்குச் சைக்கிளில்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பூகோள பாடம் கற்பித்தேன். ஆறு மலையை அரிக்கும் விதத்தை விளக்கும்போதெல்லாம் கரும்பலகையில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் ஒரு படம் வரைந்து, மலையிடுக்கு இப்படித்தான் இருக்கும் என்பேன். முதலில் பொருளைக் காட்டு, பிறகு பாடத்தைச் சொல் என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் போதித்திருந்தார்கள். ஆயினும் மெய்யான மலையிடுக்கு ஒன்றை நானே கண்டதில்லை. ஓய்வு பெற்றபின் அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

சிறுசேரியில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர், “சார், கண்டிக்கோட்டைக்குச் சைக்கிளில் போகிறேன், வருகிறீர்களா?” என்று கேட்டார். எனக்கு வயது அறுபத்தாறு. வீட்டில் எதிர்ப்புப் பலமாக இருந்தது. இரண்டு மாதம் ஏரிக்கரை மண்பாதையில் நாள்தோறும் மிதித்துக் காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது.

கண்டிக்கோட்டை ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில் உள்ளது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சைக்கிள்களைக் காரின்மேல் கட்டிக்கொண்டு ஜம்மலமடுகு வரை சென்றோம். ‘கண்டி’ என்றால் தெலுங்கில் மலைப்பிளவு. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு அங்கே ஓடுவது பெண்ணையாறு. நேயர்கள் கடலூர்ப் பெண்ணை என்று எண்ணிவிட வேண்டாம், இது வடபெண்ணை. இரண்டும் கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றியவையே. ஒன்று நம்மிடம் வந்தது. மற்றது வடக்கே சுற்றி நெல்லூருக்கு அப்பால் கடலை அடைகிறது.

கோட்டைவரை தார்ச்சாலை உண்டு, 15 கிலோமீட்டர்தான். நாங்கள் அதை விட்டு விலகி மண்தடத்தில் இறங்கினோம். அது பாலைவனம் அன்று. ஆனால் நம் முன்னோர் பாலை என்று வகுத்த நிலத்துக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. செம்மண், சரளை, முள், நிழலற்ற வெயில். அங்கே சாதாரணச் சைக்கிள் உதவாது. 1970களில் கலிபோர்னியாவின் டமல்பயஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை ஓட்டி விளையாடியதிலிருந்து பிறந்ததே மலைச்சைக்கிள். 1996இல் அது ஒலிம்பிக் பந்தயமாகவும் ஆயிற்று.

அதன் இரகசியம் அகன்ற டயரில் இருக்கிறது. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படிகிறது. மணலில் புதைவதில்லை, கல்லில் துள்ளுவதில்லை. மேட்டில் பல்சக்கரத்தை மாற்றி மெல்ல மிதிக்க வேண்டும். இறக்கத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் சைக்கிள் நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். இதை மாணவர் எனக்கு இருமுறை சொல்லியிருந்தார். ஆயினும் ஓர் இறக்கத்தில் பதற்றத்தில் முன்பிரேக்கையே பிடித்தேன். முழங்காலில் தோல் போயிற்று, வேறு சேதமில்லை. சொன்ன பாடத்தைக் கேளாத பிள்ளைகளை நான் எத்தனை முறை கடிந்திருப்பேன்!

கோட்டையினுள் சைக்கிளைச் சார்த்திவிட்டு, பாறைகளின்மேல் தவழாத குறையாக ஏறினோம். 1652இல் பிரெஞ்சு நகை வணிகர் தவர்னியே, மீர் ஜும்லாவைக் காண வந்த கோட்டை இதுதான். பாறை விளிம்பில் தடுப்புச்சுவர் இல்லை. என் மாணவர் என் முழங்கையை விடவே இல்லை. ஏறத்தாழ 300 அடி கீழே பச்சை நீர் கிடந்தது. இரு கரையும் ‘வி’ போலச் சரியவில்லை. செங்குத்துச் சுவராக நின்றன.

“நீங்கள் போட்ட படம் இப்படி இல்லையே, சார்!”

காரணம் கண்முன்னே இருந்தது. நூறு கோடி ஆண்டுக்கும் முற்பட்ட கடினமான படிகப்பாறை, செங்கல் அடுக்கியதுபோல் கிடையாகப் படிந்திருக்கிறது. அதில் நெடுக வெடிப்புகள். ஆறு அடியை அறுக்க, மேலுள்ள கற்கள் வெடிப்பு வழியே கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகின்றன; எஞ்சியது சுவராகவே நிற்கிறது. மென்மையான பாறையும் மிகுந்த மழையும் உள்ள இடத்தில்தான் கரைகள் கரைந்து சரிந்து என் ‘வி’ உண்டாகும்.

திரும்பிவந்ததும், காரின் கண்ணாடியில் படிந்திருந்த செம்புழுதியில் விரலால் படத்தைத் திருத்தி வரைந்தேன். அவர் தம் கைபேசியில் அதைப் படமெடுத்து, தம் பழைய வகுப்புத் தோழர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.