சர்பத் கிளாஸுக்குப் பின்னால் இத்தனை வித்தையா!

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பும் வெள்ளையுமான சுவருக்கு முன்னால் எல்லாரும் நின்று படமெடுக்கிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சர்பத் கடையின் மேசைக்குப் பின்னால் போவோம், வாருங்கள்!

முதலில் அந்தச் சிவப்புப் போத்தலைப் பாருங்கள். சீனிப்பாணி! ஐஸ் மிதக்கும் கிளாஸில் சீனியை அப்படியே கொட்டினால் அடியில் மணலாய்த் தங்கிவிடும். தண்ணீரில் இடமில்லையா என்ன? தாராளமாக இருக்கிறது! 0 பாகைக் குளிரில்கூட 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 180 கிராம் சீனியை ஏற்கும். இல்லாதது வேகம்தான். ஆகவே கரைக்கிற வேலையை அடுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். சூடேறினால் நீர் மூலக்கூறுகள் துள்ளி மோதி, சீனியைப் பளிங்கிலிருந்து மளமளவென்று பிய்த்தெடுக்கும்.

அகப்பை ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? ஒவ்வொரு சீனி மணியையும் இனிப்பு நிறைந்த மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்து நிற்கும். கலக்கினால் அது மெலிந்து, புதுத் தண்ணீர் நெருங்கும். தேத்தண்ணிக் கடையில் கரண்டி கிணுகிணுப்பதும் இதற்காகத்தான்!

1897இல் அமெரிக்காவில் நோயஸ், விட்னி என்ற இருவர் பென்சோயிக் அமிலக் குச்சிகளைத் தண்ணீரில் சுழலவிட்டு ஒரு விதியைக் கண்டார்கள்: இன்னும் எவ்வளவு கரைய இடமிருக்கிறதோ, அவ்வளவுக்கு வேகம். பாணியில் கடைசிப் பிடி சீனி அடம்பிடிக்கிறதே, காரணம் இதுதான்! பாணி தடித்துப்போவதும் அதற்குத் துணை.

இனி நான்காம் குறுக்குத் தெரு. மொத்தக் கடைகளில் மூட்டை மூட்டையாய்ச் சீனி! மணி சிறுத்தால் வேகம் கூடும். 1 சென்ரிமீற்றர் கனசதுரக் கற்கண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 1 மில்லிமீற்றர்த் துண்டுகளாக நொறுக்கினால் 60! எடை அதே எடை, தண்ணீர் தொடுகிற இடமோ பத்து மடங்கு.

திரும்ப வந்து பலூடாவைப் பாருங்கள். கசகசா விதை மட்டும் சூட்டுக்கும் கரண்டிக்கும் மசியாது. தண்ணீரை இழுத்து வழுவழுப்பாய் உப்பி நிற்கும், கரையவே கரையாது. நல்லவேளை! எல்லாமே கரைந்துபோனால் பலூடா ஏது?