கடலின் ஆழத்தை நிறம் சொல்கிறது!

1943-ம் ஆண்டு, நவம்பர் 20-ந் தேதி. பசிபிக் கடலில் தராவா என்ற தீவுக் கூட்டம். அங்கே கோட்டை கட்டி இருந்த ஜப்பானியரை விரட்ட அமெரிக்கப் படை வந்தது.

வீரர்களை ஏற்றிய படகுகள் கரையை நோக்கி விரைந்தன. பாதி வழியில் அவை பவளப் பாறையில் தட்டி நின்றுவிட்டன! படகு மிதக்க சுமார் 4 அடித் தண்ணீர் வேண்டும். அன்று கடல் போதிய அளவு ஏறவில்லை. பாறை மேல் இருந்தது சுமார் 3 அடிதான். வீரர்கள் இறங்கி, தண்ணீரில் நடந்தார்கள். கரையில் இருந்து குண்டு மழை! சண்டை முடிவதற்குள் சுமார் 1,000 அமெரிக்கர்கள் மாண்டார்கள்.

ஆழ்கடலை அளப்பது எளிது. கப்பலில் இருந்து ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். கரையோரத்தில்தான் தொல்லை. அளக்கப் போகும் படகே தரை தட்டிவிடும்!

சிவப்பை விழுங்கும் தண்ணீர்

இதற்கு வழி காட்டியது கடலின் நிறம். சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்து இருக்கின்றன. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். பச்சை இன்னும் கீழே போகும். தெளிந்த கடலில் நீலம் அதையும் தாண்டிப் போகும். அடி மணலில் பட்டுத் திரும்பும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், ஆழத்தைக் கணக்கிடலாம்.

1975-ல் பிரெஞ்சுக் கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்தோ, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுடன் சேர்ந்து பகாமா தீவுகளின் பக்கம் இதைச் சோதித்தார். சுமார் 900 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றிய செயற்கைக் கோள் படம் எடுத்தது. கீழே கூஸ்தோவின் கப்பல் ஆழம் பார்த்தது. தெளிந்த நீரில் 22 மீட்டர் ஆழம் வரை கணக்கு சரியாக வந்தது!

குட்டி விமானம்

இப்போது அந்த வேலையை 'டிரோன்' என்ற ஆளில்லாத குட்டி விமானமும் செய்கிறது. அதில் உள்ள கேமரா, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே படம் பிடிக்கும். தாழப் பறப்பதால், செயற்கைக் கோளுக்குத் தெரியாத சிறு பாறையும் குழியும் அதற்குத் தெரியும்.

ஆனால், கலங்கிய தண்ணீரில் இதன் ஜம்பம் பலிக்காது. கடல்புல் படர்ந்த தரை கறுப்பாகத் தெரியும். அதை ஆழம் என்று எண்ணி ஏமாந்துவிடும்! எனவே, சில இடங்களில் ஆழத்தை நேரில் அளந்து தரவேண்டும். அந்த அளவை வைத்துத்தான் மற்ற இடங்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.