பழைய கோவாவின் பேராலயம் பார்க்கப் போவோம்

கோவா என்றதும் பலருக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் இன்னொரு கோவா இருக்கிறது. அதன் பெயர் பழைய கோவா. பணஜி நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரம். மாண்டவி ஆற்றின் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இதுதான் தலைநகரம். இன்று அங்கே வீடுகள் குறைவு. பெரிய பெரிய மாதா கோயில்கள் மட்டும் நிற்கின்றன.

அவற்றில் மிகப் பெரியது சே பேராலயம். குழுவாகச் சென்று பார்ப்பதற்கு ஏற்ற இடம் இது. எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்று தெரிந்துகொள்வோம்.

‘சே’ என்பது போர்த்துக்கீசிய மொழிச் சொல். இருக்கை என்று பொருள். யாருடைய இருக்கை? ஆயருடைய இருக்கை. கிறிஸ்தவ சபையில் பல ஊர்க் கோயில்களுக்கும் பாதிரியார்களுக்கும் தலைவராக இருப்பவர் ஆயர். அவருடைய நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அந்தக் கோயில்தான் பேராலயம். கட்டடம் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு கோயில் பேராலயம் ஆகிவிடாது.

ஒரு போரும் ஒரு பெண்ணும்

1510-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைப் பிடித்தார். அதுவரை கோவா பிஜப்பூர் சுல்தானிடம் இருந்தது. அன்று நடந்தது கொடிய போர். நகரில் இருந்த முஸ்லிம்கள் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அந்த நாள் புனித கத்தரீன் திருநாள். அதனால் இந்தப் பேராலயத்துக்குக் கத்தரீன் பெயரையே வைத்தார்கள்.

யார் இந்தக் கத்தரீன்? எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த படித்த பெண் என்று கதை சொல்கிறது. அரசன் 50 அறிஞர்களை அழைத்து, அவரோடு வாதம் செய்யச் சொன்னானாம். அத்தனை பேரையும் அவர் வாதத்தில் வென்றாராம். அரசனுக்குக் கோபம் வந்தது. ஆணி பதித்த சக்கரத்தில் கட்டி அவரைக் கொல்லச் சொன்னான். சக்கரம் உடைந்து போயிற்று. பிறகு வாளால் வெட்டிக் கொன்றார்கள். கத்தரீன் படத்தில் சக்கரம் இருப்பது இதனால்தான். பேராலயத்தின் நடுப் பீடத்தில் இந்தக் கதையை மரத்தில் செதுக்கி, தங்க முலாம் பூசி வைத்திருக்கிறார்கள். படித்ததற்காகவும் பேசியதற்காகவும் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. எழுத்துக் கற்கும் பெண்கள் அந்தப் பீடத்தின் முன்னால் சற்று அதிக நேரம் நிற்கலாம்.

இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தை 1562-இல் கட்டத் தொடங்கினார்கள். 1619-இல் முடித்தார்கள். 57 ஆண்டுகள்! அடிக்கல் போட்ட கொத்தனாரின் பேரன் கூரை வேலை பார்த்திருக்கலாம். உள்ளே இருக்கும் பீடங்கள் முடிய 1652 ஆகிவிட்டது.

நீளம் சுமார் 250 அடி. அகலம் சுமார் 180 அடி. சுவர் முழுவதும் செம்பாறைக் கல். கோவாவிலும் கேரளத்திலும் கிடைக்கும் சிவப்புக் கல் இது. மண்ணிலிருந்து வெட்டும்போது மிருதுவாக இருக்கும். காற்றுப் பட்டால் கெட்டியாகும். ஆனால் மழை இதற்குப் பகை. கல்லில் சிறு சிறு துளைகள் இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் மேலே சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையாக வைத்திருக்கிறார்கள்.

பேராலயத்தின் முகப்பைப் பார்த்து நில்லுங்கள். ஏதோ குறைவது போல் தோன்றும். இடது பக்கம் ஒரு கோபுரம் இருக்கிறது. வலது பக்கம் இல்லை. முதலில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. 1776-இல் ஒன்று இடிந்து விழுந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை. அதற்கு முன்பே நகரம் காலியாகத் தொடங்கிவிட்டது. காலராவும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன. 1759-இல் போர்த்துக்கீசிய ஆளுநர் பணஜிக்குக் குடிபோனார். 1843-இல் பணஜியே தலைநகரம் ஆனது. மிஞ்சி நிற்கும் கோபுரத்தில் பெரிய மணி ஒன்று தொங்குகிறது. அதன் பெயர் தங்க மணி. அதன் இனிய ஓசைக்காக அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

புறப்படும் முன்

‘நாம மாதா கோயிலுக்குள்ள போகலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?’ என்று குழுவில் சிலர் தயங்குவார்கள். போகலாம். எல்லா மதத்தவரும் போய்ப் பார்க்கிறார்கள். 1986-இல் யுனெஸ்கோ நிறுவனம் பழைய கோவாவின் கோயில்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தியத் தொல்லியல் துறை பேராலயத்தைப் பாதுகாக்கிறது. ஆனால் இது இன்றும் வழிபாடு நடக்கும் கோயில். அதை மறக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மூடும்படி உடுத்திப் போக வேண்டும்.

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவாவில் கனமழை பெய்யும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள். அன்றும் அதற்கு முந்தைய ஒன்பது நாட்களும் பெருங்கூட்டம் கூடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கும் இடத்துக்கு வாடகை ஏறிவிடும். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்தது பணம். பல குழுக்களில் சண்டை வருவது இங்கேதான். 24 பேர் போவதாக வைத்துக்கொள்வோம். பயணம், தங்கல், சாப்பாடு, வழிகாட்டிக்குக் கூலி, கைச்செலவு எல்லாம் சேர்ந்து 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 2,000 ரூபாய். மாதம் 200 ரூபாய் சேர்த்தால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். இது கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு ஆகும் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

பணம் வாங்கியதும் நோட்டில் பெயர், தேதி, தொகை எழுத வேண்டும். கொடுத்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வேண்டாம், கையெழுத்து! கடைசி நேரத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். வீட்டில் சாவு விழலாம். அவருடைய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இதை முதல் மாதமே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு பேசினால் பகைதான் மிஞ்சும்.

ரயிலில் போனால், பழைய கோவாவுக்குப் பக்கத்தில் உள்ள நிலையம் கர்மாலி. அங்கே எல்லா ரயிலும் நிற்காது. பெரிய நிலையம் மட்காவ். 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. ஒரு படிவத்தில் 6 பேர் வரை எழுதலாம். பெரிய குழுவாக ஒன்றாகப் பதிவு செய்ய ரயில்வே அதிகாரியிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பாட்டிமார்களுக்கும் முழுக் கட்டணம் என்றே கணக்கில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பேராலயத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுவது நல்லது. இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் முதியோர் கல்வி மையத்தில் படிக்கிறோம். பிப்ரவரி 10-ஆம் தேதி காலை 10 மணிக்கு 24 பேர் பேராலயம் பார்க்க வர விரும்புகிறோம். எங்களில் நால்வர் வயதானவர்கள். அன்று சிறப்பு வழிபாடு ஏதேனும் இருக்கிறதா? நாங்கள் எந்த நேரத்தில் வந்தால் இடைஞ்சல் இல்லாமல் பார்க்கலாம்? தயவுசெய்து தெரிவியுங்கள்.”

அங்குள்ளவர்கள் பேசுவது கொங்கணி. ஆங்கிலமும் இந்தியும் தெரியும். ஆகவே ஆசிரியரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள். கையெழுத்து மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

வழிகாட்டியோடு

ஆலய வாசலில் சிலர் ‘கைடு வேண்டுமா?’ என்று சுற்றிக்கொள்வார்கள். எல்லோரும் உண்மையான வழிகாட்டிகள் அல்லர். அரசு உரிமம் பெற்றவரிடம் படத்தோடு அடையாள அட்டை இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியும் என்று காட்டினாலே பாதி ஏமாற்று நின்றுவிடும். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்று உள்ளே போகும் முன்பே பேசி முடியுங்கள். தமிழ் தெரிந்த வழிகாட்டி கிடைப்பது அரிது. குழுவில் இந்தி தெரிந்தவர் ஒருவர் சொல்லச் சொல்ல மாற்றிச் சொல்லலாம்.

விளக்கம் எல்லாம் வெளியே புல்வெளியில் நின்று கேட்பது நல்லது. உள்ளே பெரிய கூடம். சின்னப் பேச்சும் எதிரொலிக்கும். முழங்காலில் நின்று செபிக்கிறவர்களுக்குத் தொந்தரவு. வெளியே கேட்டு, உள்ளே பார்த்து, திரும்ப வெளியே வந்து சந்தேகம் கேளுங்கள். படம் எடுக்கும் முன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

உள்ளே ஒரு கல் தொட்டி இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டி. அது 1532-இல் செய்தது. அதாவது கட்டடத்தைவிடப் பழையது! புனித சவேரியார் இதில் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பார்கள். பக்கத்து அறை ஒன்றில் அற்புதச் சிலுவை இருக்கிறது. அது வளர்ந்துகொண்டே வருகிறது என்று மக்கள் நம்புகிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதை வைத்து அங்கே வாக்குவாதம் வேண்டாம்.

வழிகாட்டி சிலவற்றைச் சொல்லாமல் விடலாம். நீங்களே கேளுங்கள். 1560 முதல் 1812 வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, கோவாவில் மத விசாரணை மன்றம் நடந்தது. கிறிஸ்தவராக மாறியவர்கள் பழைய வழக்கத்தை விடவில்லை என்று பிடித்து விசாரித்தார்கள். சிறையில் போட்டார்கள். சிலரை எரித்தார்கள். அதே நூற்றாண்டில் இந்தப் பகுதியில் இந்துக் கோயில்கள் இடிக்கப்பட்டன. அழகான பீடத்தைச் செதுக்கிய காலமும் அதுதான்.

சாலையைக் கடந்தால் பொம் ஜெசு ஆலயம். 1594-இல் தொடங்கி 1605-இல் முடித்தது. இதன் சுவர் சிவப்பாக இருக்கும். 1950-களில் காரையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சிவப்புக் கல் பார்க்க அழகுதான். ஆனால் மழையில் கல் அரிக்கிறது. இங்கே வெள்ளிப் பேழையில் சவேரியாரின் உடல் இருக்கிறது. சவேரியார் 1542-இல் கோவா வந்தார். அதே ஆண்டில் தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக்குப் போய் மீனவர்களிடையே பணி செய்தார். செபங்களைத் தமிழாக்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்தார். 1552-இல் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தார். பத்து ஆண்டுக்கு ஒரு முறை அவர் உடலைச் சே பேராலயத்துக்குக் கொண்டுவந்து மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கடைசியாக வைத்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. பல பயணிகள் நிற்காமலே போய்விடுகிறார்கள். புனித பவுல் கல்லூரியின் வாசல் வளைவு அது. கல்லூரி போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது. இந்தியாவின் முதல் அச்சு எந்திரம் 1556-இல் இந்தக் கல்லூரிக்குத்தான் வந்தது. எத்தியோப்பியா நாட்டுக்குப் போக வேண்டிய எந்திரம் அது. வழியில் இங்கேயே தங்கிவிட்டது. 1577-இல் கோவாவில் தமிழ் அச்சு எழுத்துகளை வார்த்தார்கள். அடுத்த ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். நம் கையில் இருக்கும் பாடப் புத்தகத்துக்கு மூத்த பாட்டி என்று சொல்லலாம்.

மாலையில் எல்லோரும் கடல் பார்க்க ஆசைப்படுவார்கள். போகலாம். சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. இருட்டிய பிறகும் இறங்கக் கூடாது. ஆறு ஆறு பேராகப் பிரிந்து, பிரிவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, வண்டி ஏறும் முன் தலை எண்ணுங்கள்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கூட்டம் போடுங்கள். செலவுக் கணக்கைக் குழுவில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ரசீதுகளை மற்றவர்கள் கையில் வாங்கிப் பார்க்கட்டும். மீதம் 480 ரூபாய் இருந்தால் ஆளுக்கு 20 ரூபாய்.