அப்பாவுக்கு ஒரு சுங்கான்

சுங்கான் என்று ஒரு பழைய சொல் தமிழில் இருக்கிறது. புகையிலையைக் கிண்ணத்தில் அடைத்துப் பற்றவைத்து இழுக்கும் குழாய்க்குப் பெயர். தமிழ்நாட்டில் நாம் 'பைப்' என்று சொல்லிப் பழகிவிட்டதால் சுங்கானை ஏறக்குறைய மறந்துவிட்டோம். என் அப்பா நாற்பது வருடமாகச் சுங்கான் பிடிப்பவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நானே ஒன்று செய்து கொடுத்தேன். லண்டன் மனோர் பார்க்கில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்; மெஷின் போட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும். ஆகவே துளை போடுவதைத் தவிர மற்றதெல்லாம் கையால், அரத்தாலும் உப்புத்தாளாலும்தான். அந்த வேலையின் அடிப்படைகளை இங்கே எழுதுகிறேன்.

லண்டனுக்கும் சுங்கானுக்கும் உறவு பழையது. புகையிலையைக் கண்டித்து 1604-இல் ஒரு சிறு நூலே எழுதிய மன்னர் முதலாம் ஜேம்ஸ், 1619-இல் லண்டன் சுங்கான் தொழிலாளர் சங்கத்துக்குச் சாசனமும் கொடுத்தார்! அன்று செய்தவை வெள்ளைக் களிமண் சுங்கான்கள். உடைந்த துண்டுகள் இன்றும் தேம்ஸ் நதிக்கரைச் சேற்றில் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் க்ளோட் என்ற ஊரில் பிரையர் மரச் சுங்கான் தொழில் வளர்ந்தது. களிமண் மெல்ல ஒதுங்கியது. 1907-இல் லண்டனில் புகையிலைக் கடை திறந்த ஆல்ஃப்ரட் டன்ஹில் சில வருடங்களில் தானே பிரையர் சுங்கான்களும் செய்யத் தொடங்கினார்.

அதென்ன பிரையர்? மத்தியதரைக்கடல் ஓரத்து வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒரு புதர்மரம். தண்டும் வேரும் சேரும் இடத்தில் பந்துபோல ஒரு முடிச்சு பருக்கும். காட்டுத்தீ மேலே இருப்பதை எரித்துவிட்டாலும் இந்த முடிச்சிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடர்ந்த, வெப்பம் தாங்கும் அந்தக் கட்டையைத்தான் சுங்கானுக்கு எடுக்கிறார்கள். வெட்டிய கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். செர்ரி மரத்திலும் செய்வதுண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில்கூட ஒரு செர்ரி மரச் சுங்கான் வருகிறது.

எந்த மரத்திலும் செய்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். இதுதான் முக்கியமான எச்சரிக்கை. கிண்ணத்துக்குள் வெப்பம் சில நூறு டிகிரி போகும், மரத்திலிருந்து வருவதும் நுரையீரலுக்குத்தான் போகும். அரளி மரம் விஷம். சேங்கொட்டையின் பால் தோலைக் கொப்பளிக்கவைக்கும். ஈட்டி மரத்தூள் பலருக்கு ஒவ்வாமை தரும். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகை, பசை போட்டு அழுத்திய பலகை இரண்டையும் தொடவே கூடாது. பெயர் தெரியாத மரம் என்றால் விட்டுவிடுங்கள். பிரையர் கட்டையே இணையக் கடைகளில் கிடைக்கிறது, துளையிட்டு வாய்க்குழல் பொருத்தியதும் உண்டு.

துளைகளை நீங்களே போடுவதானால், உருவம் செதுக்குவதற்கு முன்பே போட்டுவிடவேண்டும். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் பிடிப்பானில் அசையாமல் நிற்கும். முதலில் வாய்க்குழல் செருகுவதற்கு 8 மில்லிமீட்டர் துளை. அதே மையத்தில் உள்ளே தொடர்ந்து போகும் 4 மில்லிமீட்டர் காற்றுவழி. பிறகு மேலிருந்து கிண்ணம். காற்றுவழி கிண்ணத்தின் அடித்தளத்தில் சரியாக வந்து திறக்கவேண்டும். மேலே திறந்தால் அடியில் கிடக்கும் புகையிலை எரியாமல் ஈரமாகவே தங்கும். சுற்றுச்சுவர் 6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கை சுடும், நாளடைவில் மரம் கருகி ஓட்டையாகும்.

வாய்க்குழல் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் அல்லது அக்ரிலிக். பல்லுக்கு ரப்பர் இதம். ஆனால் வெயிலில் பச்சையடிக்கும். பல்லில் கடிக்கும் இடத்தில் குழல் தட்டையாக இருக்கவேண்டும், உள்ளே காற்றுவழி குறுகவும் கூடாது. 4 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர மில்லிமீட்டர். முனையில் 10 மில்லிமீட்டர் அகலமும் 1.25 மில்லிமீட்டர் உயரமுமாகப் பிளவு வெட்டினால் அதே பரப்பு. வழி திடீரென்று குறுகினால் காற்று சுழன்று ஈரம் படியும். சுங்கான் 'கொறகொற' என்று சத்தம் போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உருவத்தை முரட்டு அரத்தில் தொடங்கி, உப்புத்தாளில் 120, 220, 400, 600 என்று படிப்படியாகப் போகவேண்டும். ஒரு படியின் கீறல் போகாமல் அடுத்ததுக்குத் தாவினால் மெருகு போட்டபிறகு அது பல்லிளிக்கும். தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி அவசியம். வார்னிஷ் வேண்டாம், சூட்டில் கொப்பளிக்கும். கார்னோபா மெழுகைத் துணியில் தேய்த்தால் போதும். கிண்ணத்தின் உட்புறம் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுங்கான் புகையை உள்ளிழுப்பதில்லை, அதனால் கெடுதலில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மையல்ல. வாய், உதடு, தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு இதுவும் காரணம். கையால் செய்த சுங்கான் என்பதால் புகையிலை திருந்திவிடாது. இது தெரிந்தும் பெற்றவருக்கு இதைப் பரிசாகக் கொடுக்கலாமா? வீட்டில் எனக்கும் மனைவிக்கும் இதில் பலநாள் வாக்குவாதம். அப்பா நிறுத்தமாட்டார், நாங்கள் கேட்டு அலுத்துவிட்டோம். கொடுக்காவிட்டாலும் பழையதில் பிடிப்பார்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழி அளவுதான். வழக்கமான கிண்ணம் சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம், 38 மில்லிமீட்டர் ஆழம். கொள்ளளவு ஏறக்குறைய 12 கன சென்டிமீட்டர். நான் குடைந்தது 16 மில்லிமீட்டர் விட்டம், 28 மில்லிமீட்டர் ஆழம்; 5.6 கன சென்டிமீட்டர். பாதிக்கும் குறைவு. சுவர் தடிமனாக விட்டதால் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது.

ஆனால் அதை அவரிடம் மறைக்கவில்லை. "பாதிதான்பா கொள்ளும், வேணும்னேதான் செஞ்சேன்" என்றேன். "ரெண்டு தடவை நிரப்பிக்கறேன், போடா" என்றார். அப்படி நிரப்பினால் என் கணக்கு வீண்தான். ஆனால் இரண்டாவது தடவைக்கு டப்பாவை மறுபடி திறக்கவேண்டும், அடைக்கவேண்டும், தீக்குச்சி தேடவேண்டும். அந்த இடைவெளியில் அவர் ஒருநாளாவது "போதும்" என்று சொல்லிவிட்டால், கட்டையில் செலவழித்த ஆறு வாரமும் வீணில்லை.